மொரீஷியஸ் கிரியோலைக் கற்க விரும்பும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ திருமண உறவாலோ மொரீஷியஸுக்கு வந்து சேரும் தமிழர்களிடம், இங்கே எந்த மொழியைக் கற்கப்போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் பிரெஞ்சு என்றே சொல்கிறார்கள். அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் வருகின்றன. அரசு அலுவலகங்களின் படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரசமைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தின் மொழியாக ஆங்கிலத்தை ஏற்று, பிரெஞ்சிலும் பேசலாம் என்று இடம் தருகிறது. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது. இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் கண்ணில் அதிகம் படுவதில்லை, காதில்தான் விழுகிறது. ஆனால் ஏறத்தாழப் பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் இந்தத் தீவில், 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பத்தில் ஒன்பது பேர் வீட்டில் பேசுவது கிரியோல்தான். தமிழ் வம்சாவளியினரும் இதற்கு விலக்கல்லர். கோவிலில் கைகூப்பித் தேவாரம் பாடியவர்கள், பிரகாரத்தைத் தாண்டியதும் பிள்ளைகளைக் கூப்பிடுவது கிரியோலில்.

இந்துமாக்கடலின் சில தீவுகளுக்கு அப்பால் இந்த மொழிக்குப் பெரிய புழக்கம் இல்லை. அதனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதற்கு வகுப்பு கிடையாது, தமிழ்வழிப் பாடநூலும் கிடையாது. பெரிய மொழிகளுக்கு ஏற்ற முறைகளை, அதாவது ஒரு செயலியைத் திறந்து நாள்தோறும் ஒரு பாடம் முடிப்பதைப் போன்றவற்றை, இங்கே நம்பியிருக்க முடியாது. பாடத்திட்டத்தை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். ஆசிரியரையும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகளைத் தமிழ் பேசுபவரின் கோணத்திலிருந்து கீழே விளக்கியிருக்கிறேன்.

முதல் தடை: பதில் ஆங்கிலத்தில் வரும்

கிரியோல் கற்பதில் இலக்கணத்தைவிடப் பெரிய தடை, உங்களோடு யாரும் கிரியோல் பேச மாட்டார்கள் என்பதுதான். வெளியூர் முகம் என்று தெரிந்த உடனே மொரீஷியஸ்காரர் பிரெஞ்சுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடுவார். இது விருந்தோம்பல். ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடமும் அலுவலகமும் கிரியோலை நெடுங்காலம் மொழியாகவே மதிக்கவில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களும் பிரெஞ்சுக் குடியேறிகளும் பதினெட்டாம் நூற்றாண்டில் பழகியதில் பிறந்த இம்மொழியைச் ‘சிதைந்த பிரெஞ்சு’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. மேடையில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்று வளர்ந்த நமக்கு இந்தத் தயக்கத்தின் சுவை தெரியும். நம் ஊர்ப் பேச்சை ஒரு வெளிநாட்டவர் கற்க வந்தால், ‘இதைப் போய்க் கற்பானேன், நல்ல தமிழ் கற்றுக்கொள்ளுங்களேன்’ என்று நாமும் சொல்லியிருப்போம்.

ஆகவே முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டியது வணக்கமோ நன்றியோ அன்று. கிரியோலில் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் வாக்கியம்தான்: ‘சில்வூப்லே, கோஃஸ் க்ரெயோல் ஆர் ம்வா, மோ பே ஆப்ரான்.’ தயவுசெய்து என்னோடு கிரியோல் பேசுங்கள், நான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது இதன் பொருள். இதனோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கியேதே ஸா?’ என்றால் இது என்ன என்று பொருள். ‘கூமா தீர் ஸா ஆன் க்ரெயோல்?’ என்றால் இதைக் கிரியோலில் எப்படிச் சொல்வது என்று பொருள். ‘கோஃஸ் தூஸ்மான்’ என்றால் மெதுவாகப் பேசுங்கள் என்று பொருள். இந்த நான்கும் நாக்கில் தயங்காமல் வந்துவிட்டால் சந்தையே வகுப்பறையாகிவிடும். எதிரில் இருப்பவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறினாலும் நீங்கள் மாறாதீர்கள். அரைகுறையாகவேனும் கிரியோலிலேயே பதில் சொல்லுங்கள். சிலர் கடைசிவரை மாற மாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவதே நல்லது.

ஒலியும் எழுத்தும்

மேலே ‘ஃஸ’ என்று எழுதியிருப்பது தேனீயின் ரீங்காரம் போல அதிரும் ஸகரம். தமிழில் இவ்வொலி இல்லாததால், பலர் இதை ‘ஸ’ என்றோ ‘ஜ’ என்றோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். அது போதாது. ‘ப்வாஸோன்’ என்றால் மீன். ‘ப்வாஃஸோன்’ என்றால் நஞ்சு. மீன்கடையில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பு அதிகம். தொண்டையில் விரலை வைத்து, அதிர்வு தெரியும்வரை தனியே சொல்லிப் பழகிவிட்டால் சில நாட்களில் பிடிபட்டுவிடும்.

மூக்கொலி உயிர்களைப் பற்றிப் பிரெஞ்சு வகுப்புகள் பெரிதாக அச்சுறுத்தும். தமிழருக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. ‘அவன் வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்: இறுதி னகரம் நாக்கில் படாமல், ஆகாரம் மூக்கு வழியாகப் போய் முடிகிறது. ‘ஆன்வி’, ‘ஃஸான்ஃபான்’ போன்ற சொற்களில் வருவது ஏறத்தாழ அதே ஒலிதான். எழுதியதைப் பார்த்து னகரத்தை அழுத்தாமல், பேச்சுத் தமிழில் சொல்வதைப் போலச் சொன்னால் போதும். ரகரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். நம்முடைய உருட்டும் ரகரம் இங்கே அந்நியமாக ஒலிக்கும். கிரியோல் ரகரம் தொண்டைப் பக்கம் மென்மையாகப் பிறக்கிறது, சொல்லின் இறுதியில் வந்தால் முன்னுள்ள உயிரை நீட்டிவிட்டுத் தான் மறைந்துவிடுகிறது.

குறிப்பேட்டில் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். தமிழ் வாசகர்களுக்காக எழுதுவதால் நான் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆனால் கற்பவருக்கு அது முட்டுக்கட்டை. வல்லினத்தின் இரு ஒலிகளையும் ஒரே எழுத்தால் குறிக்கும் நம் முறையில், சோற்றைக் குறிக்கும் ‘திரி’யின் தகரமும் இறந்தகாலம் காட்டும் ‘தி’யின் தகரமும் ஒன்றாகிவிடும். முதலாவது ‘நதி’யில் வரும் மெல்லிய தகரம், இரண்டாவது ‘பத்தி’யில் வரும் வன்மையான தகரம். ரோமன் எழுத்தில் இவை இரு வேறு எழுத்துகள்.

அப்படி ரோமனில் எழுதும்போது எந்த எழுத்துமுறையைப் பின்பற்றுவது என்ற கேள்வி வரும். 2011-இல் அரசு ஏற்ற எழுத்திலக்கணத்தையே பின்பற்றுங்கள். 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கற்பிக்கப்படுவதும் அதுவே. ஆனால் பழைய வெளியீடுகளில் வேறு முறைகளையும் காண்பீர்கள். 1976 முதல் வயது வந்தோருக்கு எழுத்தறிவு புகட்டிவரும் ‘லேதிகாஸ்யோன் பூ த்ராவாயேர்’ அமைப்பின் பெயரிலேயே, ஊகார ஒலியை ஒரே எழுத்தால் குறிக்கும் முறை இருக்கிறது. பள்ளி முறையில் அதே ஒலிக்கு இரண்டு எழுத்துகள். அண்டைவீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸப் செய்திகள் இவ்விரண்டுக்கும் கட்டுப்படாமல், பாதிச் சொற்களைப் பிரெஞ்சு முறையிலும் மீதியை ஒற்றை எழுத்துச் சுருக்கங்களாகவும் எழுதியிருக்கும். வாசிக்கும்போது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள், எழுதும்போது ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் துணை செய்யும் இடங்கள்

நம்மில் பலர் புதிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கவே பழகியிருக்கிறோம். கிரியோலைப் பொறுத்தவரை அது சுற்றுவழி. பல இடங்களில் தமிழிலிருந்து நேராகவே போய்விடலாம்.

‘அவர் டாக்டர்’ என்று தமிழில் வினைச்சொல் இல்லாமல் சொல்கிறோம். கிரியோலிலும் ‘லி தொக்தேர்’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொள்பவர்கள் இங்கே இல்லாத ஒரு வினையைத் தேடித் திணறுவார்கள். ‘எனா’ என்பது நம்முடைய ‘இருக்கிறது’. ‘எனா திலோ’ என்றால் தண்ணீர் இருக்கிறது. ‘மோ எனா என் ஃப்ரேர்’ என்றால் எனக்கு ஒரு சகோதரர் இருக்கிறார். ‘பெனா’ என்பது அப்படியே நம்முடைய ‘இல்லை’. ‘பெனா திலோ’, தண்ணீர் இல்லை. ‘மோ பெனா காஸ்’, என்னிடம் காசு இல்லை. ஏனைய வினைகளை மறுப்பதற்கு வினையின் முன் ‘பா’ சேர்க்க வேண்டும்: ‘மோ பா கோனே’, எனக்குத் தெரியாது.

வினைக்கு ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று எந்த விகுதியும் கிடையாது. வினை மாறாமல் நிற்க, அதற்கு முன் ஒரு சிறு சொல் வந்து காலத்தைக் காட்டுகிறது. இங்கே தமிழின் துணைவினைகள் பெரிதும் உதவும். ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதில் ‘கொண்டிரு’ செய்யும் வேலையை ‘பே’ செய்கிறது: ‘மோ பே மான்ஃஸே’. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதில் ‘விடு’ செய்யும் வேலையை ‘ஃபின்’ செய்கிறது: ‘மோ ஃபின் மான்ஃஸே’. ‘சாப்பிடப்போகிறேன்’ என்பதற்கு ‘மோ பூ மான்ஃஸே’. நடந்து முடிந்த, இப்போதைக்குத் தொடர்பற்ற செய்தியைச் சொல்லும்போது ‘மோ தி மான்ஃஸே’. இரண்டைச் சேர்த்தால் ‘மோ தி பே மான்ஃஸே’, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ‘ஊ ஃபின் மான்ஃஸே?’ என்று கேட்டால் அதை ‘சாப்பிட்டாச்சா?’ என்றே கேளுங்கள். அவ்வளவு நெருக்கமாக வேறெதுவும் பொருந்தாது. பேச்சில் ‘ஃபின்’ குறுகி வெறும் ‘ன்’ ஆகிவிடும் என்பதையும் காதுக்குச் சொல்லிவையுங்கள்.

‘ஊ’ என்பது ‘நீங்கள்’, ‘தோ’ என்பது ‘நீ’. இவற்றைப் பயன்படுத்தும் இடம் பெரிதும் நம் வழக்கத்தை ஒத்தது: பெரியவர், புதியவர், கடைக்காரர் எல்லாருக்கும் ‘ஊ’, நண்பருக்கும் சிறுவருக்கும் ‘தோ’. ஆனால் முன்னிலையில் இல்லாத ஒருவரைக் குறிக்கும்போது மரியாதை வேறுபாடு கிடையாது. அவன், அவள், அவர், அது எல்லாம் ‘லி’தான். மாமியாரை ‘லி’ என்று குறிப்பிட முதலில் கூச்சமாக இருக்கும், பழகிவிடும். ‘ஃஸோத்’ என்பது முன்னிலைப் பன்மையையும் படர்க்கைப் பன்மையையும் ஒருங்கே குறிப்பதால், யாரைச் சொல்கிறார்கள் என்பதைச் சூழலிலிருந்தே உணர வேண்டும்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. சொல் வரிசை முதலாவது: வினை இறுதியில் வராமல் நடுவில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டாமல், தனிச் சொல்லாக முன்னால் வருகிறது: ‘தான் லாக்காஃஸ்’, வீட்டில். சுட்டோ நேர்மாறு: ‘அந்த வீடு’ என்பது போன்ற பொருளில் ‘லாக்காஃஸ்-லா’ என்று பின்னால் வைக்கிறார்கள். சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல் இப்படிப்பட்ட தொடர்களாகவே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கற்பவர்கள் மிகவும் தாமதமாகக் கவனிப்பது வினையின் இரு வடிவங்களை. வினையோடு பேச்சு நின்றால் ‘மோ மான்ஃஸே’. பின்னால் செயப்படுபொருள் வந்தால் வினை குறுகி ‘மோ மான்ஃஸ் திரி’ என்றாகும். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்கும்போது ‘கோத் ஊ ரெஸ்தே?’ என்று முழுவடிவம் வரும். ரோஸ்ஹில் நகரில் என்று பதில் சொல்லும்போது ‘மோ ரெஸ் ரோஃஸில்’ என்று குறுவடிவம் வரும். எல்லா வினைகளும் இப்படி மாறுவதில்லை. மாறுபவற்றில் சிலவற்றைத் தொடக்கத்திலேயே இணையாக எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் திருத்துவதற்குப் படும் பாடு மிச்சமாகும். இரட்டிப்பிலும் கவனம் தேவை. தமிழில் இரட்டித்தால் பெரும்பாலும் அழுத்தமோ பன்மையோ தோன்றும். கிரியோலில் ‘ரூஃஸ்-ரூஃஸ்’ என்றால் சற்றே சிவந்தது, வெளிர்சிவப்பு. அடர்சிவப்புச் சேலை வேண்டும் என்று அதைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

சந்தைக்குப் போனால் ‘ப்ரெத் முரும்’ என்ற முருங்கைக்கீரையும், ‘பிப்பங்காய்’ என்ற பீர்க்கங்காயும், ‘காரிபிலே’ என்றும் ‘காரிபூலே’ என்றும் சொல்லப்படும் கறிவேப்பிலையும் உங்களை வரவேற்கும். 1730-களில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் தொடங்கி, 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள்வரை தமிழர்கள் இங்கே விட்டுச் சென்ற சொற்கள் இவை. மகிழ்ச்சியான கண்டுபிடிப்புதான், ஆனால் சமையலறைக்கு வெளியே இவை அதிகம் உதவா. சொற்களஞ்சியத்தின் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்தே வந்தது.

மனிதர்களே பாடநூல்

பாடநூல் குறைவான மொழியில் பேசுபவரே பாடநூல். தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குப் பள்ளியில் படித்த தமிழ் வாசிக்க வரும், பேச வராது. பேசிப் பழக ஆள் கிடைக்காதா என்று அவர்கள் தேடுகிறார்கள். வாரத்தில் ஒரு மாலை பாதி நேரம் தமிழ், பாதி நேரம் கிரியோல் என்று பண்டமாற்று செய்துகொள்ளுங்கள். காசு கொடுத்து அமர்த்தும் ஆசிரியரைவிட இது நீடிக்கும், ஏனென்றால் இருவருக்கும் தேவை இருக்கிறது. இரண்டு நிபந்தனைகள் மட்டும் வேண்டும்: நேரத்தைக் கடிகாரம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஆங்கிலத்தில் அரட்டையடித்துவிட்டு எழுந்துவிடுவீர்கள்; ஒருவர் பேசும்போது ஒவ்வொரு பிழையையும் மற்றவர் இடைமறித்துத் திருத்தக் கூடாது, முடிந்தபின் இரண்டு மூன்றை மட்டும் சொன்னால் போதும்.

கோவிலும் நல்ல இடம். தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாட்களில் பூக்கட்டுவது, காய் நறுக்குவது, பந்தி பரிமாறுவது என்று கைக்கு வேலை இருக்கும். கைக்கு வேலை இருக்கும்போது பேச்சில் வரும் மௌனம் யாரையும் உறுத்துவதில்லை. ஒரே ஏவல் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். செய்து காட்டுவதைப் பார்த்தே பொருளும் விளங்கிவிடும்.

பேசுபவரின் ஒப்புதலோடு ஓரிரு நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றைய சமையல், சிறுவயது ஊர், கடைசியாக அடித்த புயல் என்று ஏதேனும் ஒன்றைப் பற்றிச் சொல்லச் சொல்லலாம். பின்னர் அதைத் தனியே திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். விளங்காத இடத்தை வெற்றிடமாக விட்டு, அடுத்த சந்திப்பில் அவரிடமே கேட்டு நிரப்புங்கள். நீண்ட பதிவுகள் வேண்டாம். ஒரு மணிநேரப் பதிவை எவரும் எழுதி முடிப்பதில்லை. இரண்டு நிமிடப் பதிவை முடிப்பீர்கள், அதிலிருந்து கிடைக்கும் வாக்கியங்கள் உயிருள்ளவையாக இருக்கும்.

முதியவர்களிடம் ‘சிராந்தான்’ கேளுங்கள். இது கிரியோல் விடுகதை. போடுபவர் ‘சிராந்தான்?’ என்று கூவ, மற்றவர்கள் ‘ஸாம்பெக்!’ என்று பதில் குரல் கொடுத்த பிறகே விடுகதை தொடங்கும். ‘திலோ திபூத்?’ என்றால் நிற்கும் தண்ணீர். விடை ‘கான்’, கரும்பு. ‘திலோ பாந்தான்?’ என்றால் தொங்கும் தண்ணீர். விடை ‘கொக்கோ’, தேங்காய். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மொழியறிஞர் ஷார்ல் பெஸாக் இவற்றைத் திரட்டி அச்சிட்டிருக்கிறார். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இவற்றைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்பது என் கருத்து: வாக்கியம் மிகச் சிறியது, சொற்கள் அன்றாடச் சொற்கள், விடை தெரிந்தபின் மறக்காது, ஒன்றைக் கேட்டால் பாட்டி இன்னும் ஐந்து சொல்வார்.

நூல்கள், வானொலி, இணையம்

அச்சில் கிடைப்பவை குறைவு, ஆனால் இருப்பவை தரமானவை. 2009-இல் ஆர்னோ கார்ப்பூரான் வெளியிட்ட மொரீஷியஸ் அகராதி, கிரியோல் சொற்களுக்குக் கிரியோலிலேயே விளக்கம் தரும் முதல் அகராதி. தொடக்கத்தில் அது கனமாக இருக்கும். ஓரளவு வாசிக்க வந்த பிறகு அதைவிட நல்ல துணை இல்லை. அதற்கு முன், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கிரியோல் பாடநூலை இரவல் வாங்குங்கள். தமிழ் உள்ளிட்ட மூதாதையர் மொழிகளைப் போலக் கிரியோலும் பள்ளியில் விருப்பப் பாடம். தமிழ்க் குடும்பங்கள் இதனால் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைவார்களோ என்று கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டுமொழியில் எழுதக் கற்ற குழந்தையே அடுத்த மொழியையும் எளிதில் கற்கும் என்பதால், இவ்விரண்டையும் போட்டியாக வைத்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும், கிரியோலை அன்று.

வானொலியில் ரேடியோ ஒன், டாப் எஃப்எம், ரேடியோ பிளஸ் ஆகிய தனியார் நிலையங்களில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். தண்ணீர் வரவில்லை, சாலை பழுது, பேருந்து நேரத்துக்கு வரவில்லை என்று மக்கள் ஆத்திரத்தோடு பேசும் கிரியோல் வேகமாக இருக்கும், ஆனால் ஒரே பொருளைச் சுற்றியே வரும். செய்தி வாசிப்பைவிட இதுவே உண்மைப் பேச்சுக்கு அருகில் இருக்கிறது. தேர்தல் காலமாக இருந்தால் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம். நாடாளுமன்றத்தில் ஆங்கிலம் பேசுபவர்கள் அங்கே கிரியோல்தான் பேசுவார்கள்.

இணையத்தில் தேடும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கிரியோல் என்று மட்டும் தேடினால் பெரும்பாலும் வந்து விழுவது ஹைத்திய கிரியோல். அது வேறு மொழி. அந்தச் செயலிகளில் செலவழிக்கும் நேரம் இங்கே பயன்படாது. அண்டைத் தீவான ரீயூனியனின் கிரியோலும் வேறு: நாம் ‘மோ மான்ஃஸே’ என்பதற்கு அங்கே ‘மி மான்ஃஸ்’ என்பார்கள். சீஷெல்ஸ் கிரியோல் மட்டும் நெருங்கிய உறவு. கூகுள் மொழிபெயர்ப்பில் 2024-இல் மொரீஷியஸ் கிரியோல் சேர்க்கப்பட்டது. வந்த செய்தியின் பொருளை உத்தேசமாக அறிய அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை அதனிடம் கேட்டு ஒப்பிக்காதீர்கள். எழுத்துப் பதிவு குறைந்த மொழிகளில் இத்தகைய கருவிகள் தடுமாறும்போது, அது தடுமாறுகிறது என்று தொடக்கநிலைக் கற்பவருக்குத் தெரியாது.

புதுச்சேரியில் படித்தவர்களுக்கும் பிரெஞ்சு தெரிந்த ஏனையோருக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சொற்கள் முதல் நாளிலிருந்தே விளங்கும், அதனால் மொழியே விளங்கிவிட்டதாகத் தோன்றும். ‘லாக்காஃஸ்’, ‘திலோ’, ‘ஃஸான்ஃபான்’ ஆகியவற்றில் பிரெஞ்சில் தனியே நிற்கும் முன்னொட்டுச் சொற்களோ அவற்றின் ஒலிகளோ பெயரோடு ஒட்டிப்போய் ஒரே சொல்லாகிவிட்டன; அவற்றைப் பிரித்தெடுத்துப் பேசினால் அது கிரியோலும் ஆகாது, பிரெஞ்சும் ஆகாது. பிரெஞ்சு அறியாதவர்கள், வேலைக்காக அதையும் கற்க வேண்டியிருந்தால், இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். முதலில் கிரியோலை எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் புலம்புவது முழுவதுமாக விளங்கும் நிலை வந்த பிறகு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தால், அங்கே வரும் சொற்களில் பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வினைவிகுதிகளையும் பால் வேறுபாட்டையும் மட்டும் உட்கார்ந்து படித்தால் போதும்.